மூன்று துளைகள்

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஆஷ் மரத்தை 2015ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வெட்டினார்கள். அதற்கு முந்தைய இரண்டு கோடைகளிலும் அதன் உச்சிக் கிளைகள் துளிர்க்கவில்லை. முதலில் ஒருவர் வந்து அடிமரத்தில் பெயின்டால் குறி போட்டுவிட்டுப் போனார். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் இயந்திரங்கள் வந்தன. மதியத்துக்குள் தெருவில் அதுவரை இல்லாத வெளிச்சம் விழுந்தது. வெட்டியவர்களிடம் கேட்டு இரண்டு முண்டுகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் கடைசல் வேலை பழகத் தொடங்கியிருந்தேன். பகல் முழுக்கக் கணினித் திரையில், கையால் தொட முடியாதவற்றையே கட்டிக்கொண்டிருப்பவனுக்கு மாலையில் கார் ஷெட்டில் மரச்சுருள் பறப்பதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். வாசல் மரத்தின் நினைவாக ஒரு கிண்ணம் கடைந்தேன். வெளிறிய மஞ்சள் நிறமும் கோடு கோடான ரேகைகளுமாக நன்றாகவே வந்தது. எண்ணெய் பூசிப் புத்தக அலமாரியில் வைத்தேன்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி கிடந்தது. இடியாப்ப மாவைவிட நைசான பொடி. துடைத்தேன், மறுநாளும் கிடந்தது. கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசி குத்தியதுபோல மூன்று துளைகள்.

பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய தந்தையார் ஓடாவி, அதாவது தச்சர். கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இது உளுத்துப்போச்சு. உள்ளுக்கு ஆள் இருக்கிறார்.”

“வாசல் மரத்தைக் கொன்ற வண்டாண்ணே?”

“அது எனக்குத் தெரியாது. துளையைப் பாரும். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வாசல்.”

அவர் போகிறபோக்கில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். மரத்தைத் துளைக்கும் பூச்சி உள்ளே புழுவாக இருக்கும்வரை கண்ணில் படாது. வண்டாகி வெளியேறும்போது அது விடும் துளைதான் அதன் கையெழுத்து. டொராண்டோவின் மரங்களைப் பற்றிப் பேசும்போது அப்படி மூன்று கையெழுத்துகள் முக்கியமானவை. ஒன்று, பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான பெரிய துளை. இரண்டாவது, ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல ஒரு பக்கம் தட்டையான சிறிய துளை. மூன்றாவது, என் கிண்ணத்தில் இருந்த குண்டூசித் துளை. இந்த மூன்றையும் ஒழிக்க மனிதர்கள் எடுத்த முயற்சிகளுக்கு மூன்று வெவ்வேறு முடிவுகள் கிடைத்தன.

*

வட்டத் துளைக்காரரின் பெயர் ஆசிய நீள்கொம்பு வண்டு. பளபளக்கும் கறுப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள், உடலைவிட நீளமான, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கொம்புகள். சொந்த ஊர் சீனாவும் கொரியத் தீபகற்பமும். அங்கே அது நெடுங்காலம் யாருக்கும் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 1978இல் சீனா தன் வடக்கு எல்லைப் பாலைவனங்கள் பரவாமல் தடுக்க மாபெரும் மரச்சுவர்த் திட்டத்தைத் தொடங்கியது. விரைவில் வளரும் என்பதால் பாப்ளர் மரங்களைக் கோடிக்கணக்கில் நட்டார்கள். வண்டுக்குப் பாப்ளர் என்றால் உயிர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே உணவு, பூச்சி பெருகியது. பூச்சி விழுந்த மரம் பலகைக்கு உதவாது, பெட்டிக்கும் முட்டுக்கட்டைக்கும் உதவும். அதே காலத்தில் சீனாவின் ஏற்றுமதியும் பெருகியது. இயந்திரங்களையும் கல்பலகைகளையும் கட்டி அனுப்பிய மரச்சட்டங்களுக்குள் புழுவும் கப்பலேறியது.

வட அமெரிக்காவில் முதலில் 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அதைக் கண்டார்கள். 1998இல் சிகாகோ. 2003 செப்டம்பரில் டொராண்டோவும் வாகனும் ஒட்டிக்கொள்ளும் எல்லையிலிருந்த தொழிற்பேட்டைப் பகுதியில், பொதுமக்களில் ஒருவர் கண்டு சொன்னதால் தெரியவந்தது.

கனடாவுக்கு இது வெறும் பூச்சிச் செய்தி அல்ல. இந்த வண்டு விரும்பித் தின்னும் மரங்களில் முதலிடம் மேப்பிளுக்கு. கொடியில் இருக்கும் இலை அது, பாகு எடுக்கும் மரம் அது. அத்துடன் இந்தப் புழு பட்டையோடு நிற்பதில்லை. நடுமரம்வரை குடைந்து செல்லும். வெளியே மருந்து அடித்துப் பயனில்லை. ஆகவே கனடா உணவு ஆய்வு முகமை கடுமையான வழியைத் தேர்ந்தது. பூச்சி பிடித்த மரத்தை மட்டும் வெட்டுவதோடு நிற்காமல், அதைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருந்த, பூச்சி பிடிக்கக்கூடிய மரங்கள் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னது. நல்ல மரம், கெட்ட மரம் என்ற பேதம் இல்லை. வெட்டியவற்றைச் சில்லுகளாக அரைத்தார்கள். குறித்த எல்லைக்குள்ளிருந்து விறகோ கிளையோ வெளியே போகத் தடை. இப்படி 28,000க்கும் மேற்பட்ட மரங்கள் போயின. பிள்ளைகள் பிறந்தபோது நட்ட மரத்தைப் பறிகொடுத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

ஆனால் வழி பலித்தது. இந்த வண்டு சோம்பேறி. பிறந்த மரத்திலேயே அல்லது பக்கத்து மரத்திலேயே முட்டையிடும். தொலைதூரம் பறக்க விரும்பாது. அதன் துளையும் பெரிது. ஏறிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது. பல ஆண்டுகள் தேடியும் வண்டு சிக்காததால், 2013 ஏப்ரலில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நான்கே மாதத்தில், ஆகஸ்டில், பியர்சன் விமான நிலையத்துக்கு அருகே மிசிசாகாவில் ஒரு வண்டு கண்ணில் பட்டது. மீண்டும் வெட்டு, மீண்டும் தேடல். 2020 ஜூனில் இரண்டாவது முறையாக ஒழிப்பு அறிவிப்பு வந்தது. உலகம் கிருமியைத் தவிர வேறெதையும் பேசாத அந்த மாதத்தில் செய்தித்தாளின் ஓரத்தில் அது வந்துபோனது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது என் மகள் கேட்டாள்: “அப்பா, ஏன் அதுக்கு ஏசியன்னு பேர் வச்சாங்க?” அவள் வகுப்பில் அப்போது ‘அந்நிய ஊடுருவல் உயிரினங்கள்’ பாடம். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்படிப்பட்ட பெயர்களின் உறுத்தலை அறிஞர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ரோமா மக்களை இழிவாகச் சுட்டும் சொல்லைத் தாங்கியிருந்த ஓர் அந்துப்பூச்சியின் பெயரை அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2021இல் கைவிட்டு, 2022இல் வேறு பெயர் சூட்டியது. அதே ஆண்டு ‘ஆசிய’ ராட்சதக் குளவி என்ற பெயரிலிருந்த ‘ஆசிய’வும் ‘வடக்கு’ ஆனது. நீள்கொம்பு வண்டின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

மகளுக்கு நான் பிறகு சொன்ன பதில் ஒரு எண்ணின் கதை. எண் 56.

*

கப்பலில் வரும் எந்த மரத்தட்டையும் கவனித்துப் பாருங்கள். ஒரு கோதுமைக் கதிர் முத்திரை, அதன் பக்கத்தில் இரண்டெழுத்து நாட்டுக் குறி, அதையடுத்து ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் சுட்டிருக்கும். ஐ.எஸ்.பி.எம். 15 எனப்படும் பன்னாட்டு விதி அது, 2002இல் ஏற்கப்பட்டது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியசை எட்டி, அந்தச் சூட்டிலேயே 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இல்லையென்றால் மெத்தில் புரோமைடு புகையூட்ட வேண்டும். அந்த வாயு ஓசோன் படலத்தைத் தின்னும் என்பதால், 1987இல் நம் மாண்ட்ரியல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அதை மெல்ல ஓரங்கட்டியது. சூடுதான் முதல் வழியாக நின்றது.

ஏன் 56? ஆசிய வண்டுக்காகப் பிறந்த எண் அல்ல அது. பைன் மரங்களை வாடச்செய்யும் ஒரு நுண்புழு இருக்கிறது. அதன் தாயகம் வட அமெரிக்கா. மரத்தைத் துளைக்கும் வேறொரு நீள்கொம்பு வண்டின் உடலில் தொற்றிக்கொண்டு மரம் விட்டு மரம் போகும். வட அமெரிக்கப் பைன்கள் அதற்குப் பழகியவை. பெரிதாக ஒன்றும் நடக்காது. மரத்தோடு அது ஜப்பான் போய்ச் சேர்ந்தது. 1905இல் நாகசாகியில் பைன் மரங்கள் காரணம் தெரியாமல் வாடியதாகப் பதிவு இருக்கிறது. காரணம் இந்த நுண்புழுதான் என்று ஜப்பானியர்கள் உறுதிப்படுத்தியது 1971இல். அதற்குள் அவர்களின் ஓவியங்களிலும் கடற்கரைகளிலும் நின்ற பைன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. 1984இல் வட அமெரிக்காவிலிருந்து வந்த மரச்சில்லுகளில் பின்லாந்து அதே புழுவைக் கண்டுபிடித்தது. ஐரோப்பா கதவை இழுத்து மூடத் தொடங்கியது. பச்சை மரம் விற்றுவந்த கனடாவுக்கு அது பெரிய அடி. எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் நுண்புழுவும் அதைச் சுமக்கும் வண்டும் உறுதியாகச் சாகும் என்று கனடிய, ஐரோப்பிய ஆய்வாளர்கள் உட்கார்ந்து அளந்தார்கள். அந்த அளவில் கிடைத்ததுதான் 56 டிகிரி, 30 நிமிடம்.

அதாவது, ஆசிய வண்டைத் தடுக்க இன்று உலகம் பயன்படுத்தும் அளவுகோல், கனடிய மரத்தின்மேல் மற்றவர்களுக்கு இருந்த பயத்திலிருந்து வந்தது. இலங்கையிலிருந்தும் ஒரு பூச்சி உலகம் சுற்றியிருக்கிறது. தேயிலைச் செடியின் தண்டைத் துளைக்கும் சிறிய வண்டு ஒன்றை 1868இல் அங்கிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்தார்கள். மலையகத் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து வெட்டிய அதே செடிகளில் வாழ்ந்த பூச்சி. அதுவும் அதன் நெருங்கிய உறவினங்களும் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்று நகரத்து மரங்களைச் சாய்க்கின்றன. மகளிடம் சொன்னேன்: எல்லா ஊரும் அனுப்பியிருக்கிறது, எல்லா ஊரும் வாங்கியிருக்கிறது. பூச்சி தானாகக் கடல் தாண்டாது. மரத்தைத் தூக்கிப்போகிறவன் மனிதன்.

*

தட்டைத் துளைக்காரர் எங்கள் வாசல் மரத்தைக் கொன்றவர்: மரகத ஆஷ் துளைப்பான். மாநகராட்சி துண்டறிக்கையில் அதன் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பழைய தீப்பெட்டி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்போம். முட்டையிடுமா என்று நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்ப்போம். அந்தப் பொன்வண்டும் இந்த மரகத வண்டும் ஒரே குடும்பம். நம்முடையது கட்டைவிரல் பருமன். இது ஒன்றரை சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பச்சைப் பளபளப்பு மட்டும் அதே பளபளப்பு.

1888இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் பேர்மேர் இதற்குப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் வட அமெரிக்காவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 2002 கோடையில் டெட்ராய்டிலும், ஆற்றுக்கு இக்கரையில் விண்ட்சரிலும் சாகும் ஆஷ் மரங்களில் அதைக் கண்டார்கள். செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, 1990களிலேயே அது வந்து இறங்கியிருந்தது தெரிந்தது. ஏறக்குறைய பத்தாண்டு யாருக்கும் தெரியாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

நீள்கொம்பு வண்டுக்குப் பலித்த வைத்தியத்தை இதற்கும் செய்து பார்த்தார்கள். ஈரி ஏரிக்கும் செயின்ட் கிளேர் ஏரிக்கும் நடுவே, சாத்தம்-கென்ட் பகுதியில், 2003–04 குளிர்காலத்தில் பத்து கிலோமீட்டர் அகலப் பட்டையாக ஆஷ் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். காட்டுத்தீயை நிறுத்த வெட்டும் இடைவெளி மாதிரி. பல்லாயிரம் மரங்கள் போயின. அடுத்த ஆண்டே பட்டைக்கு அப்பால் வண்டு அகப்பட்டது. வெட்டும் முன்பே அது தாண்டிப் போயிருந்தது.

ஏன் தோற்றார்கள் என்பதற்கு அந்தச் சின்னத் துளையிலேயே விடை இருக்கிறது. இந்த வண்டு முதலில் உச்சிக் கிளைகளில் குடியேறும். துளை கண்ணுக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கும்போது மரம் பாதி செத்திருக்கும். கனடியக் குளிர் காப்பாற்றும் என்று நம்பியவர்களும் உண்டு. குளிர்காலத்தில் புழு தன் உடலில் கிளிசரினைச் சேர்த்துக்கொண்டு, மைனஸ் 30 டிகிரி அளவிலும் உறையாமல் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு மிக விரைவான வாகனம் ஒன்று கிடைத்தது: விறகு.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 கோடையில் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வடக்கே ஓர் ஏரிக்கரைக்கு முகாம் போனோம். காரின் பின்புறத்தில் கூடாரம், சோறு வடிக்கும் பானை, மசாலா தடவிய கோழி. அவற்றோடு, நண்பர் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்த விறகும். முகாமில் விற்கும் விறகு விலை அதிகம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை. டொராண்டோவில் 2007லேயே அந்த வண்டைக் கண்டுவிட்டார்கள். நகரத்தைச் சுற்றி விறகுத் தடையும் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகையைக் கடந்துதான் போயிருப்போம். பாதி விறகு எரிந்தது. மீதியை அடுத்து வருபவர்களுக்கு ஆகட்டும் என்று அங்கேயே அடுக்கிவிட்டு வந்தோம். பல ஆண்டுகள் கழித்துப் பட்டைக்கடியில் பாம்பாக நெளிந்த புழுத்தடங்களைப் படத்தில் பார்த்தபோது, அன்று கையில் உரிந்து வந்த பட்டையின் உட்புறம் ஞாபகம் வந்தது. அது அதேதானா என்று இன்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

டொராண்டோவில் அப்போது சுமார் ஒரு கோடி மரங்கள். அதில் ஏறத்தாழ 8,60,000 ஆஷ். பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்ததும், தெருவோரத்தில் நன்றாக நின்றவற்றில் சில ஆயிரம் மரங்களைத் தேர்ந்து ஊசி போட்டார்கள். அடிமரத்தில் துளையிட்டு மருந்தை ஏற்றினால், நீரோடு அது கிளைவரை ஏறும். பட்டைக்கடியில் தின்னும் புழுவால் தோல் உரித்து வளர முடியாது. மருந்தின் பெயர் ட்ரீஅசின். கனடிய வனத்துறை ஆய்வாளர்களும் சூ செயின்ட் மேரி நகரத்து நிறுவனமொன்றும் சேர்ந்து உருவாக்கியது. 2012இல் அதற்கு முழு அனுமதி கிடைத்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊசி.

மருந்துப் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ‘அசின்’ அசாடிராக்டின் என்பதன் சுருக்கம். அது வேப்பங்கொட்டையில் இருக்கிறது.

வேம்பின் இந்தக் குணத்தை நவீன அறிவியல் வெட்டுக்கிளிகளிடமிருந்துதான் கற்றது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு வேப்பமரத்தை மட்டும் தொடாமல் போனதை ஜெர்மானிய ஆய்வாளர் ஷ்முட்டெரர் பார்த்தார். 1962இல் தில்லியில் பிரதான் என்ற விஞ்ஞானி வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து அதையே நிறுவினார். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைத் தடுப்பது எங்கள் கண்டுபிடிப்பு என்று ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது தனிக்கதை.

நெல் குதிருக்குள் வேப்பிலை போட்ட பாட்டிகளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று மார்தட்ட எனக்கு ஆசைதான். ஆனால் எந்த மரத்துக்கு எவ்வளவு, எப்போது, எப்படி ஏற்றுவது என்பதை இங்கே கண்டுபிடித்தவர்கள் வேறு. இரண்டும் சேர்ந்ததால்தான் நகரத்தில் இன்னும் சில ஆஷ் மரங்கள் நிற்கின்றன. ஓர் உயர்ந்த ஆஷ் மரத்தின் அடியில் ஊசித் துளையைக் காணும்போதெல்லாம், கொல்லையில் வேப்பம்பழம் உதிரும் மணம் எனக்கு வந்துபோகிறது.

எங்கள் வாசல் மரத்துக்கு ஊசி எட்டவில்லை, காலம் கடந்திருந்தது. 2014இல் கனடா தெற்கு ஒன்டாரியோவையும் தெற்குக் கியூபெக்கையும் ஒரே தடைப் பகுதியாக இணைத்தது. 2021 ஜனவரியில் அமெரிக்கா தன் நாட்டுக்குள்ளான தடையையே விலக்கிக்கொண்டது. தோல்வியை அரசாங்கங்கள் சொல்லும் விதம் அது.

*

இனி என் கிண்ணத்துக்கு வருகிறேன். கிண்ணத்துக்குள் இருந்தது மேலே சொன்ன இரண்டுமில்லை. மரகத வண்டின் புழு பட்டைக்கு அடியிலேயே வாழும். பட்டையோடு விரலகல மரத்தையும் சீவி எறிந்துவிட்டால் அது போய்விடும். என் கிண்ணத்தில் இருந்தது லிக்டஸ் என்னும் பொடிவண்டு. வெட்டிக் காய்ந்த மரத்தைத்தான் அது தேடி வரும். மரக்கட்டையோடும் சாமான்களோடும் உலகமெங்கும் பரவிவிட்ட இனம்; அதன் சொந்த ஊர் எதுவென்று சொல்வதே இப்போது கடினம். நான் ஒரு கோடை முழுக்க முண்டுகளைக் கார் ஷெட்டில் பட்டையோடு காயப் போட்டிருந்தேன். அப்போது குடியேறியிருக்கும்.

அதற்கு வேண்டியது மாச்சத்து. ஆஷ், ஓக் போன்ற மரங்களின் அகன்ற நுண்துளைகளுக்குள் முட்டையிடும். புழு மாச்சத்தைத் தேடித் தேடி மரத்தை மாவாக்கும். மாச்சத்து இருப்பது மரத்தின் வெளிப்பகுதியில் மட்டும். நடுவே இறுகிய பகுதியை அது சீண்டாது. வெளிப்பகுதிக்குத் தமிழில் வெளிறு என்று பெயர். இறுகிய பகுதி காழ், வைரம். உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், பனைபோல வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பவை இலக்கணப் பரீட்சைக்கு நெட்டுருப்போட்ட சொற்கள். எந்தப் பக்கம் உளுக்கும், எந்தப் பக்கம் நிற்கும் என்பதை அறிய உதவும் சொற்கள் அவை என்று ஒரு கிண்ணம் கெட்ட பிறகுதான் புரிந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் அதையே வேறுவிதமாகச் சொன்னார்: “அப்பா ஒரு கட்டையை வாங்கினால் முதல்ல வைரத்தைத்தான் பாப்பார். மற்றதை அடுப்புக்குத் தள்ளிப்போடுவார். நீர் எல்லாத்தையும் சேர்த்துக் கடைஞ்சு வைச்சிருக்கிறீர்.”

ஊரில் மூங்கிலையும் சில மரங்களையும் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். நீரில் கிடக்கும்போது மாச்சத்து கரைந்தும் நொதித்தும் போய்விடுகிறது. காய்ந்தபின் பூச்சிக்கு அங்கே சாப்பாடில்லை. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளில் கடைசல் பட்டறையிலேயே அரக்கைச் சூடாக உரசி ஏற்றுவார்கள். நிறத்துக்காகச் செய்வதுதான், ஆனால் அதில் மரத்தின் நுண்துளைகள் அடைபட்டுப் போகின்றன. பொடிவண்டுக்கு முட்டையிட இடமில்லை. என் எண்ணெய்ப் பூச்சு துளைகளை அடைக்கவுமில்லை, ஏற்கனவே உள்ளே இருந்த புழுவைத் தொடவுமில்லை. ரப்பர் மரம் மாச்சத்து மிகுந்தது. வெட்டிய சில நாட்களிலேயே போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றினால்தான் அது மேசை நாற்காலிக்கு உதவும்.

கடைந்து முடித்த பொருளுக்கு இவையெல்லாம் காலம் கடந்த வைத்தியம். மீதமிருந்தவை குளிரும் சூடும். அருங்காட்சியகங்களில் பழைய மரச்சிற்பங்களைப் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைப்பார்கள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே கிண்ணத்துக்கு இடம் கேட்டு, அந்த விண்ணப்பம் வீட்டில் நிராகரிக்கப்பட்டது. சூடுதான் வழி.

அடுப்பைத் தணிவான சூட்டில், 65 டிகிரியை ஒட்டி வைத்தேன். மரம் சூட்டை மெல்லத்தான் உள்ளே விடும். காற்று 56 டிகிரி ஆனால் நடுமரம் 56 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. தடித்த அடிப்பகுதியில் மெல்லிய துளையிட்டு வெப்பமானியைச் செருகினேன். உட்சூடு 56ஐத் தொட ஒன்றரை மணிக்கு மேல் ஆனது. விதிப்படி அரை மணி போதும். ஆனால் மரகத வண்டின் புழுக்கள் சில அந்த அளவைத் தாங்கியதைக் கண்டு அமெரிக்கா ஆஷ் விறகுக்கு 60 டிகிரி, 60 நிமிடம் என்று வைத்திருந்தது நினைவிருந்ததால், நானும் அதையே பின்பற்றினேன். அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் காலைவரை விட்டேன். கிண்ணத்தின் வாயில் ஒரு மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு பொடி விழவில்லை.

இப்போது கடைசலுக்கு முண்டு கிடைத்தால் அன்றே பட்டையை உரித்துவிடுகிறேன். வெளிறு அதிகமென்றால் சீவித் தள்ளுகிறேன். பச்சையிலேயே தடிமனாக ஒருமுறை கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, சூடேற்றி, கடைசியில்தான் முழுவதும் கடைகிறேன். பச்சைக் கட்டையை அப்படியே அடுப்பில் வைத்தால் பிளந்துவிடும். பூச்சியை ஒழிப்பதென்பது பெரும்பாலும் அதற்குமுன் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்தான்.

முகாமுக்கு இன்னும் போகிறோம். அதே குடும்பங்கள், பிள்ளைகள் எங்களைவிட உயரம். போன கோடையில் ஒரு நண்பர் காரில் விறகு ஏற்ற வந்தபோது என் மகள்தான் கேட்டாள், “மாமா, இது எந்த மரம்?” அவருக்குத் தெரியவில்லை. இறக்கி வைத்துவிட்டு வந்தார். பூங்காவின் வாசலில் கட்டுக் கட்டாக விற்ற விறகை வாங்கினோம். விலை இப்போதும் அதிகம்தான். அன்றிரவு அது முழுவதையும் எரித்து முடித்தோம்.